வெயிலுகந்தானின் வலது இடுப்பு

வெயிலுகந்தானின் இடுப்பு முறிந்தது முழுக்க முழுக்க மரியாதை நிமித்தம்.

2053 சித்திரை மாதம். சாத்தூர் புறவழிச்சாலையில் மக்கள் மேன்மைப் பேரவைத் தலைவரின் வேன் நின்றது. கதவு திறந்தது. வழக்கம்போல் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் படியில் வந்து அமர்ந்தன. கட்சியின் மாவட்டத் துணைச் செயலாளரும், முப்பத்தொரு வருடமாக ஒரு நிகழ்ச்சி விடாமல் விழுந்து வருபவருமான வெயிலுகந்தான், வயது ஐம்பத்தெட்டு, முதல் ஆளாக விழுந்தார். அதில் பிரச்சினை இல்லை. முதல் ஆளாக விழ முடியாத ஆத்திரத்தில் இன்னும் பதினோரு பேர் அவர் மேலேயே விழுந்தார்கள்.

'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

யாரும் எழவில்லை. "எழலாம்" என்று தலைவர் சொல்லும்வரை எழக்கூடாது, தலையை நிமிர்த்தக்கூடாது என்பது கட்சி விதி. தலைவர் நான்கு நிமிடம் கழித்துத்தான் சொன்னார். எல்லோரும் எழுந்த பிறகும் வெயிலுகந்தான் மட்டும் எழவில்லை.

"என்னா பணிவு பாருய்யா!" என்று ஒருவர் கண் கலங்கினார்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கண்விழித்தபோது, எதிரே டாக்டர் ரெஜினா எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். நாகர்கோவில்காரி. நாற்பத்து நாலு வயது. எலும்புகளிடம் காட்டும் பொறுமையை எலும்புகளின் சொந்தக்காரர்களிடம் காட்டாதவள் என்று பெயர்.

"தொடை எலும்போட கழுத்து ஒடைஞ்சு போச்சு அண்ணாச்சி. பந்தை எடுத்துட்டு வேற வச்சிருக்கேன். அந்தப் பந்தைத் தாங்கறதுக்கு ஒரு தண்டு. தொடை எலும்புக்குள்ள முக்கால் சாண் இறங்கியிருக்கு."

"உள்ள எப்படி நிக்குது டாக்டரம்மா? பசையா?"

"பசை போடறது ஒரு வழி. எலும்புச் சிமெண்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு எலும்பு நல்லா இருந்துச்சு, அதனால போடல. சொரசொரப்பான தண்டை இறுக்கி அடிச்சு இறக்கியிருக்கேன். அந்தச் சொரசொரப்புக்குள்ள எலும்பு தானா வளர்ந்து பிடிச்சுக்கும். தொண்ணூறு நாள் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அது ஈரச் சுவத்துல அடிச்ச ஆணி. ரெண்டு தலைமுடி கனத்துக்கு மேல அசைஞ்சா எலும்பு வளராது, நார்தான் வளரும். நார் வளர்ந்தா தண்டு ஆடும். ஆடிட்டே இருந்தா ஒரு நாள் எலும்பு மூங்கில் மாதிரி நெடுக விரியும்."

வெயிலுகந்தானின் மனைவி மாரிக்கனி ஆரஞ்சுப் பழத்தை உரிப்பதை நிறுத்தினாள். "இவர் சொன்ன பேச்சு கேட்டு அசையாம இருக்கற ஆளு இல்லையே டாக்டரம்மா."

"இவர் கேக்க வேண்டாம்க்கா. தண்டு பாத்துக்கும். புது ரகம் இது. உள்ள அரிசி அளவுக்கு ஒரு மூளை இருக்கு. இவர் ரொம்பக் குனிஞ்சா, தரையில உக்காந்தா, தண்டு முறுக்கிக்கும்ல? அது நடக்கறதுக்கு முன்னாலயே பின்பக்கத் தசைக்கு ஒரு துடிப்பு அனுப்பும். தசை மரக்கட்டை ஆயிடும். குனியவே முடியாது. தமிழ்நாட்டுல நாப்பதாயிரம் பேருக்கு வச்சாச்சு. ஒருத்தருக்கும் ஆடல."

வெயிலுகந்தானின் முகம் வெளிறியது.

"குனியவே முடியாதா?"

"நாற்காலியில உக்காரலாம், நடக்கலாம், தூங்கலாம். ஒரு மனுசன் கௌரவமாச் செய்யற எல்லாத்தையும் செய்யலாம்."

"கட்சிக்காரன் டாக்டரம்மா நான்," என்றார் வெயிலுகந்தான் ஈனக்குரலில்.

முப்பத்தாறாம் நாள் அவர் கைத்தடியோடு மறுபடி வந்தார். சட்டமன்றத் தேர்தல் அறிவித்திருந்தார்கள். வேட்பாளர் நேர்காணலுக்கு இன்னும் ஐந்தே நாள்.

"ஏழு விநாடி," என்றார். "ஏழே ஏழு விநாடி தண்டை அணைச்சு வைங்க. காலத்துக்கும் மறக்க மாட்டேன்."

"அது என்ன கணக்கு, ஏழு?"

"நெத்தி தரையில ஏழு விநாடி இருக்கணும். கட்சி ஆபீஸ்ல ஒரு பாய் விரிச்சிருக்காங்க. பணிவுப் பாய். அதுல விழுந்தா நெத்தி, மூக்கு, முட்டி எல்லாத்தையும் பாத்து அதுவே மார்க் போடும். போன தடவை எனக்குத் தொண்ணூத்தி எட்டு. எங்க கட்சி தனுஷ்கோடிக்குத் தொண்ணூத்தி ஒன்பது. சீட்டு அவனுக்குப் போயிருச்சு."

"ரெண்டு மார்க் எதுல போச்சு?"

"நடுவுல மூச்சு விட்டுட்டேன்."

ரெஜினா பேனாவைக் கீழே வைத்தாள். "நேர்காணல்ல வேற என்ன கேப்பாங்க? தொகுதியப் பத்தி, தண்ணியப் பத்தி..."

"வேற எதுக்குக் கேக்கணும்?" வெயிலுகந்தானுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"அணைக்கற சாவி எங்கிட்ட இல்ல அண்ணாச்சி. சுகாதாரத்துறை உத்தரவு போட்டாதான் கம்பெனி உள்ள எழுதியிருக்கறத மாத்த முடியும். அதுவும் உங்களுக்கு மட்டும் இல்ல, நாப்பதாயிரம் தண்டுக்கும் சேர்த்துத்தான் மாறும். இருந்திருந்தாலும் தந்திருக்க மாட்டேன். முப்பத்தாறு நாள்தான் ஆகியிருக்கு. நீங்க விழுந்து எந்திரிச்சா அந்தத் தண்டு உள்ள சுத்திக்கும்."

"இந்தத் தடவை விட்டா அடுத்ததுக்கு எனக்கு அறுபத்தி மூணு. அப்புறம் யாரு சீட்டு குடுப்பா? முப்பத்தொரு வருஷம் டாக்டரம்மா! மண்ணு, தாரு, கருங்கல்லு, ஒரு தடவை முள்ளுச்செடி மேலகூட விழுந்திருக்கேன். எல்லாம் வீணாப் போயிருமா?"

"இடுப்ப மடக்காம, தென்னமரம் சாயற மாதிரி நேரா விழுந்துட்டா?" என்று அவரே ஒரு யோசனையும் சொன்னார்.

"மூக்கு போயிரும்," என்றாள் மாரிக்கனி. பிறகு டாக்டரிடம் திரும்பினாள். "வீட்டுல கீழ விழுந்த மாத்திரைய எடுக்க இவர் ஒரு நாள் குனிஞ்சதில்ல. கட்டின நாள்ல இருந்து அதுக்கு நான்தான். இந்தத் தண்டு வந்தப்புறம் ஊருக்கும் குனிய மாட்டாரு, வீட்டுக்கும் குனிய மாட்டாருன்னு எனக்கு ஒரு நிம்மதி. சமமாயிருச்சுல்ல?"

நாற்பத்தோராம் நாள், சென்னை, கட்சித் தலைமையகம்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொருவராகக் குனிந்த தலையோடு பின்னோக்கி நடந்து வெளியே வந்தார்கள். தனுஷ்கோடி வரும்போது நெற்றியில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. வெயிலுகந்தானைப் பார்த்துப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். முழு நூறு என்று அர்த்தம்.

வெயிலுகந்தான் விதிப்படி தலையைத் தாழ்த்திக்கொண்டே உள்ளே போனார். கூடம் குளிர்ந்திருந்தது. பச்சை நிறப் பணிவுப் பாய். அதன் கோடியில் ஒரு சிறு பீடம். பீடத்தில் அந்தப் பாதங்கள். ஓரமாக, வாயைக் கையால் பொத்தியபடி, அமைப்புச் செயலாளர் கோமதிநாயகம். தலைவரின் பக்கத்திலேயே இருப்பவர் கட்சியில் அவர் ஒருவர்தான்.

வெயிலுகந்தான் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாயில் ஏறினார். கண்களை இன்னும் தாழ்த்தினார். மூச்சை இழுத்துப் பிடித்தார். குனிந்தார்.

பாதி வழியில் பின்பக்கம் மரக்கட்டையானது. இடுப்பு நின்றுவிட்டது.

மறுபடி குனிந்தார். மறுபடி நின்றது. வேர்த்தது. "தலைவரே, மன்னிக்கணும்," என்று முனகியபடி மூன்றாவது தடவை முழு பலத்தையும் கொடுத்துத் தன்னைக் கீழே தள்ளினார். தண்டு அதைவிட பலமாக அவரை மேலே நிமிர்த்தியது. நிலை தடுமாறிக் கைகளை விரித்தார். தலை தானாக மேலே போனது.

பார்த்துவிட்டார்.

முழங்கால்வரை எல்லாம் சரியாக இருந்தது. நரம்பு, நகம், சுண்டுவிரலில் ஒரு பழைய தழும்புகூட. முழங்காலுக்கு மேலே இரும்புச் சட்டம். அதில் நாலைந்து ஒயர்கள். ஒரு கம்பியில் தலைவரின் சால்வை தொங்கிக்கொண்டிருந்தது. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஒலிபெருக்கி. முழங்காலுக்கு மேலே யாரும் பார்க்கப் போவதில்லை என்று செய்தவன் மெனக்கெடவில்லை போலிருக்கிறது.

"எழலாம்," என்றது ஒலிபெருக்கி.

நின்றுகொண்டிருந்த வெயிலுகந்தான் அடுத்துச் செய்த காரியம்தான் முக்கியம். அவர் அலறவில்லை. ஓடவில்லை. அவசர அவசரமாக மறுபடி குனிய முயன்றார். பார்க்காததுபோல் ஆகிவிடலாம் என்று ஒரு ஆசை. தண்டு விடவில்லை.

"எடை எண்பத்து நாலு கிலோ. பணிவு பூஜ்யம்," என்று பாய் அறிவித்தது.

கோமதிநாயகம் வாயிலிருந்து கையை எடுத்தார். இனிமேல் பொத்துவதில் பயனில்லை. "என்ன வெயிலு, இடுப்பு சரியில்லையா?"

"எப்ப இருந்துண்ணே?"

"மூணு வருஷமாச்சு. தூக்கத்துலயே போயிட்டாரு. நல்ல சாவு."

"டிவியில பேசறாரே?"

"கம்ப்யூட்டர் பேசும். அதுல ஒரு சிரமமும் இல்ல. நேர்ல வர்றவனுக்குத்தான் ஏதாவது காட்டணும். நீங்க யாரும் காலுக்கு மேல கேக்கல."

"சாத்தூர்ல நான் விழுந்தது..."

"இதே கால்தான்."

வெயிலுகந்தான் அந்தக் காலைப் பார்த்தார். வலது தொடைக்குள் என்னவோ வலித்தது. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே. தலைவர் மேல சத்தியம்," என்றார். பிறகு எதன் மேல் சத்தியம் செய்தோம் என்று குழம்பி நிறுத்திக்கொண்டார்.

"நீ சொல்ல மாட்டே. உன்னைய முப்பது வருஷமாத் தெரியும். அதில்ல என் கவலை. இந்தத் தண்டு உன்ன மாதிரி எத்தனை பேருக்கு வச்சிருக்கு?"

"நாப்பதாயிரம்னு டாக்டரம்மா சொன்னாங்க."

கோமதிநாயகம் கணக்குப் போடுகிற மாதிரி கண்ணை மூடினார். "நாப்பதாயிரம் பேரு குனிய மாட்டான். வருஷா வருஷம் கூடும். குனியாதவன் இன்னைக்கில்லாட்டி நாளைக்கு நிமிந்து பாத்துருவான். ஆபத்து வெயிலு. இத யாரால மாத்த முடியும்?"

"சுகாதாரத்துறை உத்தரவு போட்டா மாத்தலாமாம்."

"அப்படியா?" கோமதிநாயகம் முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப சாத்தூர் உனக்கு. ஜெயிச்சா சுகாதாரத்துறையும் உனக்குத்தான். ஒரு கோப்பு வரும். கையெழுத்து போட்டுரு."

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ முறை விழுந்து கிடைக்காதது, ஒரு முறை விழாமல் கிடைத்தது. வெயிலுகந்தானுக்கு அழுகை வந்தது. நன்றி சொல்லக் குனியப் பார்த்தார். முடியவில்லை.

தேர்தல் பிரமாதமாக நடந்தது. 'தலைவர் முன்னே தலைநிமிர்ந்து நின்ற தன்மானச் சிங்கம்' என்று சாத்தூர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார்கள். நேர்காணலில் அவர் விழவில்லை என்ற செய்தி எப்படியோ கசிந்துவிட்டிருந்தது. மக்கள் அதற்காகவே ஓட்டுப் போட்டார்கள். ஆரத்தி எடுத்த மாரிக்கனி காதோடு கேட்டாள்: "நின்னது நீங்களா, உள்ள இருக்கற கம்பியா?"

அமைச்சரான ஒன்பதாம் நாள் கோப்பு வந்தது. 'இடுப்பு உள்வைப்புகளில் மரியாதை ஒத்திசைவு' என்று தலைப்பு. நாற்பது பக்கம். சுருக்கம் இதுதான்: தண்டு இனிமேல் பின்பக்கத் தசைக்குத் துடிப்பு அனுப்பாது. அரசு அலுவலகங்களில் தலைவர் படத்துக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி மாட்டப்படும். தண்டு அதன் எல்லைக்குள் வந்தால், அல்லது தலைவர் திரையில் தோன்றினால், முன்பக்கத் தசைக்குத் துடிப்பு போகும். ஏழு விநாடி. இடுப்பு தானாக மடங்கும்.

வெயிலுகந்தான் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தார். கொஞ்சம் குனிவதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது. தனக்கு இழைக்கப்பட்ட ஒரு அநீதி நீங்குவதாகவும் தோன்றியது. கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே நாற்பதாயிரம் தண்டுகளோடு அவருடையதும் மாறியது. தொண்ணூறு நாள் தாண்டி எலும்பு நன்றாகப் பிடித்திருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பணிவுப் பாயில் இப்போதெல்லாம் அவருக்கு நூற்றுக்கு நூறு. தனுஷ்கோடி வயிறெரிந்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு முற்பகல், டாக்டர் ரெஜினா அமைச்சரின் அறைக்கு வந்தாள். கையில் ஒரு பெரிய உறை.

"வாங்க டாக்டரம்மா, உக்காருங்க. காப்பி சொல்லட்டுமா?"

"வேண்டாம் அமைச்சர் அண்ணாச்சி." உறையிலிருந்து எக்ஸ்-ரே படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது யாருன்னு தெரியுதா?"

"எலும்பப் பாத்து எப்படித் தெரியும்?"

"செல்லக்கனி டீச்சர். சாத்தூர் பால்வாடியில இருந்தவங்க."

"ஐயோ, எங்க மகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக் குடுத்தவங்கல்ல! என்ன ஆச்சு?"

"ஆப்பரேஷன் முடிஞ்சு பத்தொன்பதாம் நாள். உயிரோட இருக்கேன்னு கையெழுத்து போட்டாத்தான் பென்ஷன் வரும்னு தாலுகா ஆபீஸ் போயிருக்காங்க. வாக்கர வச்சுக்கிட்டு. உள்ள தலைவர் படம் இருந்திருக்கு. தண்டு மடக்கிருச்சு." அவள் விரல் படத்தில் ஒரு கோட்டின் மேல் நகர்ந்தது. "இங்க ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் விரிஞ்சிருக்கு. மூங்கில் மாதிரின்னு உங்ககிட்டச் சொன்னேனே, அது இதுதான். இனிமே நடக்க மாட்டாங்க. விழுந்து கெடக்கறப்ப பக்கத்துல இருந்தவங்க கை தட்டியிருக்காங்க அண்ணாச்சி. என்ன பணிவுன்னு."

வெயிலுகந்தான் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது மாதிரி பதினாலு பேரு, என் ஆஸ்பத்திரியில மட்டும். நீங்க போட்ட உத்தரவு. நீங்க ரத்து பண்ணலாம். டைப் பண்ணிக் கொண்டாந்திருக்கேன். ஒரே பக்கம். ஒரே கையெழுத்து." காகிதத்தை எடுத்து வைத்தாள். "உங்க எலும்பு பிடிக்க நாள் கெடச்சுது. அவங்க எலும்புக்கும் அந்த நாளக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அவர் எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெள்ளைத் தண்டைச் சுற்றி எலும்பு பிளந்து கிடந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

"முழுசாப் பேரு போடணுமா, சுருக்கமா போதுமா?"

"எப்படிப் போட்டாலும் சரி."

சுவரிலிருந்த பெரிய திரை தானாக ஒளிர்ந்தது. தலைவரின் தினசரி நல்லுரை நேரம். தலைவர் கனிவோடு சிரித்தார். 'என் உயிரினும் மேலான...' என்று தொடங்கினார்.

வெயிலுகந்தானின் இடுப்பு மடங்கியது. நாற்காலி பின்னால் உருண்டது. சுகாதாரத்துறை அமைச்சர் தம் மேஜையோரமாக நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பேனா கையிலேயே இருந்தது.

ரெஜினா நின்ற இடத்திலேயே நின்றாள். நோயாளிகளின் தண்டுகளைப் பார்க்கும் சின்னக் கருவியைப் பையிலிருந்து எடுத்தாள். ஏழு விநாடி காத்தாள். பிறகு காகிதத்தை எடுத்து, குனிந்து, அவர் முகத்துக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

"படுத்துக்கிட்டே போடலாம் அண்ணாச்சி. கையெழுத்துக்கு இடுப்பு வேண்டாம்."

அவர் அசையவில்லை. திரையில் தலைவர் விவசாயிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"துடிப்பு நின்னு ஒரு நிமிஷம் ஆச்சு," என்றாள் கருவியைப் பார்த்து. "தண்டு உங்களப் பிடிச்சுக்கிட்டு இல்ல. நீங்க எந்திரிக்கலாம்."

பேனா முனை காகிதத்தைத் தொட்டது. ஒரு சிறு புள்ளி விழுந்தது. அங்கேயே நின்றது.

திரையில் பேசுவது கம்ப்யூட்டர் என்று கட்சியில் தெரிந்த இரண்டே பேரில் ஒருவரான வெயிலுகந்தான், நெற்றியைத் தரையிலிருந்து எடுக்காமல், உதடு அசையாமல், மெதுவாகச் சொன்னார்:

"தலைவர் பாத்துக்கிட்டு இருக்காரும்மா."